வெள்ளைச் சேலையில் வென்ற கொடுமுடிக் குயில்

அவருக்கு அப்போது வயது 25.

நாடக மேடையில் அவர் பெயரைச் சொன்னால் கூட்டம் அலை மோதும். அவர் பாட்டு கிராமபோன் தட்டுகளில் ஊர் ஊராகப் பரவியிருந்தது. அந்த வயதில் அவருடைய கணவர் காலமானார். அன்று முதல் அவர் வண்ணச் சேலை உடுத்தவில்லை. நகை அணியவில்லை.

அத்துடன் ஓர் உறுதியும் எடுத்துக்கொண்டார். இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்பதே அந்த உறுதி.

நாடகத்தையே நம்பி வாழும் பெண் இப்படி ஓர் உறுதி எடுத்தால் பிழைப்பு என்ன ஆகும்? வள்ளி இருந்தால் முருகன் வேண்டும். பவளக்கொடி இருந்தால் அர்ஜுனன் வேண்டும். ஜோடி இல்லாமல் கதாநாயகி ஏது?

ஆனால் அவர் தோற்கவில்லை. மேலும் 47 ஆண்டுகள் வாழ்ந்தார். சொன்ன சொல்லைக் கடைசிவரை காத்தார். புகழும் குறையவில்லை.

அவர்தான் கே.பி.சுந்தராம்பாள்.

தாயின் பெயர்

காவிரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. மகுடேசுவரர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது.

அங்கே 1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கே.பி. என்ற எழுத்துகளில் "கே" என்பது கொடுமுடி. "பி" என்பது பாலாம்பாள். பிறந்த ஊரும் பெற்ற தாயுமே அவருக்குத் தலைப்பெழுத்து ஆயின.

குடும்பம் வறுமையில் வாடியது. தாயார் ஒருவரே பிள்ளைகளை வளர்க்கப் பாடுபட்டார். சிறுமி சுந்தராம்பாளிடம் இருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய குரல்.

ரெயிலில் பாடிய சிறுமி

கொடுமுடி வழியாக ஈரோட்டில் இருந்து திருச்சிக்கு ரெயில் ஓடுகிறது. அந்த ரெயிலில் சிறுமி பாட்டுப் பாடிக் காசு பெற்றாள் என்று அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் கூறுவார்கள்.

ஒருநாள் அந்தப் பாட்டு எப்.ஜி.நடேச அய்யர் காதில் விழுந்தது. அவர் ரெயில்வே அதிகாரி. நாடகத்தில் நடிப்பவரும் கூட. திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். சின்னஞ்சிறு பெண்ணிடம் இவ்வளவு பெரிய குரலா என்று அவர் வியந்தார். வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டார்.

முதலில் கிடைத்தது பாலபார்ட். அதாவது குழந்தை வேடம். "நல்லதங்காள்" நாடகத்தில் பசியால் துடிக்கும் பிள்ளையாக மேடை ஏறினாள்.

பசி என்றால் என்ன என்று அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை. அவள் பசிக்கிறது என்று பாடியபோது, கொட்டகையில் இருந்த பெண்கள் கண்ணீர் விட்டார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலம்

அந்தக் காலத்து நாடகம் எப்படி இருக்கும் என்பதை இன்றைய பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

இரவு 10 மணிக்கு மேல் நாடகம் தொடங்கும். விடிய விடிய நடக்கும். காஸ் விளக்கு வெளிச்சம். மேடையின் ஓரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். ஒலிபெருக்கி கிடையாது. மேடையில் பாடினால், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கூச்சல் எழும்பும்.

"ஸ்பெஷல் நாடகம்" என்பது அதிலும் கடினமானது. ராஜபார்ட் நடிகர் ஓர் ஊரில் இருந்து வருவார். ஸ்திரீபார்ட் நடிகை வேறு ஊரில் இருந்து வருவார். பபூன் இன்னோர் ஊர். முன்கூட்டி ஒத்திகை இல்லை. கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அவற்றில் பெரும்பாலானவை சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியவை. மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள்.

வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருவான். இருவருக்கும் தர்க்கம் நடக்கும். அவர் பாட்டில் கேட்டால், இவர் பாட்டில் பதில் சொல்ல வேண்டும். யார் திணறுகிறார் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சுந்தராம்பாள் படித்தார். சொல்லை விழுங்காமல் பாடுவது, எட்டாத உயரத்துக்குக் குரலைக் கொண்டுபோவது, எதிராளிக்கு அஞ்சாமல் நிற்பது ஆகிய மூன்றையும் மேடையே அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

கொழும்பில் சந்திப்பு

தமிழ் நாடகங்களுக்கு இலங்கையில் நல்ல வரவேற்பு இருந்தது. சுந்தராம்பாள் கொழும்பு சென்று பல நாடகங்களில் நடித்தார். அங்கே அவர் கொடி பறந்தது.

அப்போது தமிழ்நாட்டில் எஸ்.ஜி.கிட்டப்பா புகழ் பெற்று விளங்கினார். அவர் செங்கோட்டையில் 1906-ம் ஆண்டு பிறந்தவர். கன்னையா கம்பெனி நாடகங்களில் பாடிப் பேர் வாங்கியவர். அவர் குரல் எழும்பினால், சங்கீத வித்துவான்களும் தலை ஆட்டினார்கள்.

கிட்டப்பா கொழும்புக்குப் புறப்பட்டபோது, அங்கே சுந்தராம்பாள் முன்னால் உங்கள் பாட்டு எடுபடாது என்று சிலர் பயமுறுத்தினார்களாம். அவர் அஞ்சவில்லை. 1926-ம் ஆண்டு வாக்கில் இருவரும் கொழும்பில் ஒரே மேடையில் தோன்றினார்கள்.

போட்டியாகத் தொடங்கியது காதலாக முடிந்தது. 1927-ம் ஆண்டில் கல்யாணம் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மனைவி உண்டு. அதை அறிந்தே சுந்தராம்பாள் அவரை மணந்தார்.

பிரிவும் மரணமும்

ஊர் திரும்பி இருவரும் சேர்ந்து நடித்தார்கள். கிட்டப்பாவின் அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிப்பார். இந்த மூவரும் வருகிறார்கள் என்றால், சுற்றுப்பக்கத்து ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

மேடையில் இருந்த ஒற்றுமை வீட்டில் நிலைக்கவில்லை. மனவருத்தங்கள் வந்தன. பிரிவும் வந்தது. அந்த நாட்களில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. அன்பும் கோபமும் மானமும் கலந்த கடிதங்கள் அவை.

குடிப்பழக்கம் கிட்டப்பாவின் உடம்பைக் கெடுத்தது. 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அவர் இறந்தார். அவருக்கு வயது 27.

இருவரும் கணவன் மனைவியாக இருந்தது ஆறே ஆண்டுகள். அதிலும் பிரிந்திருந்த நாட்கள் பல. ஆனால் சுந்தராம்பாள் அந்த ஆறு ஆண்டுகளை மறக்கவே இல்லை. வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு. இதுவே அவர் கோலம் ஆயிற்று.

லட்ச ரூபாய்

சில காலம் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு, நண்பர்களும் தேசியத் தலைவர்களும் வற்புறுத்தியதால் மீண்டும் பாடத் தொடங்கினார். உறுதியை மட்டும் விடவில்லை.

அப்போதுதான் சினிமாவில் இருந்து அழைப்பு வந்தது. அசன்தாஸ் என்ற படமுதலாளி "நந்தனார்" கதையைப் படம் எடுக்க விரும்பினார். சுந்தராம்பாளுக்கு இஷ்டம் இல்லை. பெரிய தொகையாகக் கேட்டால் போய்விடுவார் என்று எண்ணி, ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். முதலாளி சரி என்று சொல்லிவிட்டார்!

பள்ளிக்கூட வாத்தியாருக்கு மாதம் சில பத்து ரூபாய் சம்பளம் கிடைத்த காலம் அது. இந்தியாவிலேயே லட்ச ரூபாய் வாங்கிய முதல் நட்சத்திரம் இவர்தான் என்று சொல்வார்கள்.

படம் 1935-ல் வெளிவந்தது. சுந்தராம்பாள் ஏற்ற வேடம் எது தெரியுமா? நந்தனார் வேடமேதான். ஆண் வேடத்தில் நடித்தார்! வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத அய்யர்.

படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. எழுத்தாளர் கல்கி அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஆனாலும் சுந்தராம்பாளுக்கு ஒரு வழி புலப்பட்டது. ஜோடி இல்லாத வேடங்களும் உலகில் உண்டு என்பதே அந்த வழி.

தனியே நடந்த பெண்கள்

அதன்பின் அவர் நடித்த முக்கிய வேடங்களை வரிசையாகப் பாருங்கள்.

1940-ல் "மணிமேகலை". அரசகுமாரன் விரும்பியும் மணக்க மறுத்துத் துறவு பூண்டவள் மணிமேகலை.

1953-ல் "அவ்வையார்". ஜெமினி எஸ்.எஸ்.வாசன் எடுத்த மாபெரும் படம். கொத்தமங்கலம் சுப்பு டைரக்ட் செய்தார். கல்யாணப் பேச்சு வந்ததும் பிள்ளையாரை வேண்டி, இளமையை உதறிக் கிழவி ஆனவர் அவ்வை என்பது கதை. சுந்தராம்பாளுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் கிடைக்குமா? நரைத்த தலையும் கையில் கோலுமாக அவர் பாடிக்கொண்டு நடந்தார். யானைக் கூட்டம் வந்து கோட்டையைத் தகர்க்கும் காட்சியைப் பார்க்கக் கிராமத்து ஜனங்கள் திரண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் அவ்வை என்றாலே சுந்தராம்பாள் முகத்தை நினைத்தார்கள்.

1964-ல் "பூம்புகார்". கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் சென்ற சமணத் துறவி கவுந்தி அடிகளாக வந்தார்.

1965-ல் "திருவிளையாடல்". மீண்டும் அவ்வை. 1973-ல் "காரைக்கால் அம்மையார்". இளமை நீங்கிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்ற அம்மையாராக நடித்தார்.

துறவிகள், கிழவிகள், அடியார்கள்! தமிழ்க் கதைகளில் தனியே நடந்த பெண்கள் எத்தனை பேரோ, அத்தனை பேருக்கும் அவர் உருவம் கொடுத்தார். எந்த உறுதி பிழைப்பைக் கெடுக்கும் என்று பயந்தார்களோ, அந்த உறுதியே அவருக்கு வேடங்களைத் தேர்ந்து கொடுத்தது.

மாற்றிய வரி

பாட்டின் சொல்லிலும் அவர் கண்டிப்பானவர்.

"பூம்புகார்" படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. சுந்தராம்பாளோ காங்கிரஸ்காரர். முருக பக்தர். ஒரு பாட்டில், கோவலன் கொலையுண்டபோது தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் வரி இருந்ததாம். தெய்வத்தைச் சந்தேகிக்கும் வரியைப் பாட மாட்டேன் என்று அவர் மறுத்தார். தெய்வம் வந்துவிட்டது என்ற பொருள்படக் கருணாநிதி அதை மாற்றிக் கொடுத்தார். பின்னரே அவர் பாடினார். சினிமா உலகத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி இது.

இருவர் கொள்கையும் வேறு. ஆனால் ஒருவர் உள்ளத்தை மற்றவர் மதித்தார்கள்.

சட்டசபையில் நடிகை

நாட்டு விடுதலைக்காகவும் அந்தக் குரல் உழைத்தது. சுந்தராம்பாள் கதர் உடுத்தினார். காந்தி அடிகளைப் பற்றிய அவருடைய கிராமபோன் பாட்டு மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. சத்தியமூர்த்தி பேசும் கூட்டங்களில் பாடினார்.

1950-களில் அவர் சென்னைச் சட்ட மேல்சபை உறுப்பினர் ஆனார். இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் சினிமாக் கலைஞர் அவரே என்பார்கள். ரெயிலில் பாடிக் காசு பெற்ற பெண், நாட்டுக்குச் சட்டம் செய்யும் இடத்தில் அமர்ந்தார்!

1966-ல் தமிழ் இசைச் சங்கம் "இசைப் பேரறிஞர்" பட்டம் வழங்கியது. 1970-ல் மத்திய அரசு "பத்மஸ்ரீ" விருது கொடுத்தது.

கொங்கு நாட்டின் கூட்டு

பிற்காலத்தில் அவர் குரலை நாடெங்கும் கொண்டுபோனவர்களில் இருவர் கொங்கு நாட்டுக்காரர்கள்.

ஒருவர் "திருவிளையாடல்" எடுத்த ஏ.பி.நாகராஜன். சங்ககிரிப் பக்கத்தவர். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் பெண் வேடம் போட்டு வளர்ந்தவர். நாடகக்காரரின் குரல் அருமை அவருக்குத் தெரியும்.

மற்றவர் கோயமுத்தூர் சாண்டோ சின்னப்பா தேவர். மருதமலை முருகனின் பக்தர். அவர் 1969-ல் எடுத்த "துணைவன்" படத்தில் சுந்தராம்பாள் பாடினார். அந்த ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 60-க்கு மேல்! ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் பழகிய குரல், அந்த வயதிலும் தளரவில்லை.

1980-ம் ஆண்டு அவர் காலமானார். அதுவரை வெள்ளைச் சேலைதான். அதுவரை ஜோடி வேடம் இல்லை.

கொங்கு நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக்கு வந்து காவிரித் தீர்த்தம் எடுத்து, காவடி கட்டி, பழனிக்குக் கால்நடையாகப் போவார்கள். வழி நெடுகப் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுப்பார்கள். பந்தலில் ஒலிபெருக்கி பாடும். கோபித்துக்கொண்டு பழனி மலை ஏறிய முருகனை அவ்வை சமாதானம் செய்யும் பாட்டு அதில் தவறாமல் வரும்.

கொடுமுடித் தண்ணீரைச் சுமந்து போகிறவர்களுக்குக் கொடுமுடி அம்மாளின் குரல்தான் வழித்துணை.