பூண்டி மதகு திறந்தா எண்ணூர்ல வலை நிறையுமா? ஏரிக்குப் பேர் தந்த தீரர் சத்தியமூர்த்தியின் கதை

ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா போதும். பூண்டி ஏரியில் உபரிநீர் திறப்பு, கொசஸ்தலை ஆற்றின் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று டிவியில் பிளாஷ் ஓடும். மணலி புதுநகர், சடையங்குப்பம் மக்களுக்கு அது வெள்ளச் செய்தி. ஆனா அதே ஆறு கடலைத் தொடும் எண்ணூர் முகத்துவாரத்தில் வலை வீசும் குடும்பங்களுக்கு, அது மீன் செய்தியும்கூட.

பங்குனி, சித்திரையில் பூண்டியைப் பற்றிப் பெரிதாகச் செய்தியே வராது. மதகு மூடியிருக்கும், ஆறு காய்ஞ்சு கிடக்கும். எண்ணூர்க் கழிமுகத்துக்கு உண்மையான சோதனை அப்போதுதான்.

இந்த மதகுகள் இருக்கும் ஏரியின் அதிகாரப்பூர்வப் பெயர் சத்தியமூர்த்தி சாகர். யார் இந்த சத்தியமூர்த்தி? ஒரு மேடைப் பேச்சாளர் பெயர் எப்படி ஒரு அணைக்கு வந்தது? அந்த அணைக்கும் வடசென்னை மீனவர் வலைக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

திருமயம் டூ மெட்ராஸ்

1887 ஆகஸ்ட் 19. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த திருமயத்தில் பிறந்தார் சத்தியமூர்த்தி. அப்பா வக்கீல். ஆனா சத்தியமூர்த்தி சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, குடும்பப் பாரம் சின்ன வயதிலேயே தோளில் ஏறியது.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அதன் பிறகு சட்டக் கல்லூரி என்று படிப்பு போனது. வக்கீலாக இருந்து நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனா மனசு காங்கிரஸ் பக்கம் போனது. 1919-ல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக லண்டன் அனுப்பப்பட்டார். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே வேகத்தில் பேசக்கூடியவர் என்பதுதான் அவருடைய பலம்.

மேடையும் உண்டு, சிறையும் உண்டு

பலருக்குத் தெரியாத விஷயம், இவர் நாடக நடிகரும்கூட. சுகுண விலாச சபாவின் மனோகரா நாடகத்தில் நடித்திருக்கிறார். நாடக மேடையில் இருப்பவர்களை மட்டமாகப் பார்த்த காலத்தில், அவர்களை அரசியல் மேடைக்கு அழைத்து வந்தவர்களில் இவர் முக்கியமானவர். கே.பி.சுந்தராம்பாளை காங்கிரஸ் பிரசாரத்துக்குக் கொண்டுவந்ததிலும் இவருக்குப் பங்கு உண்டு.

1920-களில் சுயராஜ்யக் கட்சிக்காரராக மெட்ராஸ் சட்டமன்றத்துக்குள் போனார். 1930-ல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் தேசியக் கொடி ஏற்றப் போய் கைதானார். 1934 தேர்தலில் மெட்ராஸ் நகரத் தொகுதியில் ராமசாமி முதலியாரைத் தோற்கடித்து மத்திய சட்டசபைக்குப் போனார். அங்கே காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவராக, அரசைக் கேள்விகளால் திணற வைத்தார். தீரர் என்ற பட்டம் சும்மா வந்ததல்ல.

எல்லா விஷயத்திலும் அவர் காலத்தை முந்தி நின்றார் என்று சொல்ல முடியாது. தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது அதை எதிர்த்த பக்கத்தில்தான் சத்தியமூர்த்தி நின்றார். வரலாறு அதையும் எழுதி வைத்திருக்கிறது.

மேயர் நாற்காலியில் காத்திருந்த தண்ணிப் பஞ்சம்

1939-ன் கடைசியில் சத்தியமூர்த்தி மெட்ராஸ் மேயர் ஆனார். அவர் உட்கார்ந்த நேரம் சரியில்லை. இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்திருந்தது. நகரத்தில் குடிக்கத் தண்ணீர் தட்டுப்பாடு.

மெட்ராஸுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது 1872-ல். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பி, அங்கிருந்து நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. ஆனா நகரம் வளர்ந்த வேகத்துக்கு இது போதவில்லை. மழைக்காலத்தில் ஆற்றில் வரும் வெள்ளத்தில் பெரும்பகுதி நிற்காமல் எண்ணூர்க் கடலுக்குப் போனது. கோடையில் நகரம் தவித்தது.

தீர்வு புதிதல்ல. மேலே, சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் பூண்டியில் ஒரு அணை கட்டி, வெள்ளத்தைப் பிடித்து வைக்க வேண்டும். சிக்கல் என்னன்னா, போர்க்காலத்தில் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டியது பிரிட்டிஷ் அரசு. கேட்க வேண்டியவரோ, அந்த அரசையே வெளியேறச் சொல்லும் காங்கிரஸ்காரர்.

சத்தியமூர்த்தி கௌரவம் பார்க்கவில்லை. சிறையில் போட்ட அரசிடமே போய், நகரத்தின் தாகத்தைச் சொல்லி வாதாடினார். மேயரான எட்டே மாதத்தில், 1940-ல், பூண்டியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு வருட மேயர் பதவியில் இது சின்ன காரியம் இல்லை.

பார்க்காமலே போன அணை

பூண்டியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1942 ஆகஸ்ட் வந்தது. பம்பாய் மாநாட்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம். அதில் கலந்துகொண்டு திரும்பிய சத்தியமூர்த்தி கைது செய்யப்பட்டார். இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள அமராவதி சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டது. ஏற்கெனவே பலவீனமான உடம்பு. அதிலிருந்து அவர் எழவே இல்லை.

1943 மார்ச் 28, பங்குனி மாதம். சென்னை பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 55.

அடுத்த வருடம், 1944-ல், பூண்டி நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அடிக்கல்லுக்காக ஓடியவர் தண்ணீரைப் பார்க்க இல்லை. சுதந்திர இந்தியாவையும் அவர் பார்க்கவில்லை.

அவருடைய அரசியல் சீடர் காமராஜர். 1936-ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், காமராஜர் செயலாளர். 1940-ல் தலைகீழ். சீடர் தலைவரானார், குரு அவருக்குக் கீழே செயலாளராக இருக்கச் சம்மதித்தார். அந்த நன்றியை காமராஜர் மறக்கவில்லை. பூண்டிக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார். தமிழ்நாடு காங்கிரஸ் அலுவலகம் சத்தியமூர்த்தி பவன் ஆனது.

அணைக்குக் கீழே ஆறு என்ன ஆச்சு?

இப்போ அணைக்குக் கீழே வருவோம்.

பூண்டியின் கொள்ளளவு இன்று 3,231 மில்லியன் கன அடி. அதாவது மூன்று டிஎம்சிக்குக் கொஞ்சம் அதிகம். 1983 ஒப்பந்தப்படி ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் கண்டலேறு கால்வாய் வழியா இங்கேதான் சேருகிறது. இங்கிருந்து இணைப்புக் கால்வாய்கள் மூலம் மற்ற ஏரிகளுக்குப் போய், கடைசியில் உங்க வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

இதனால ஆற்றின் இயல்பு மாறிவிட்டது. முன்பு மழைக்கு ஏற்ப ஏறி, மெதுவா வடிந்த ஆறு, இப்போ மதகுக்கு ஏற்ப ஓடுகிறது. ஏரி நிரம்பும் வரை கீழே வரும் தண்ணீர் குறைவு. நிரம்பிய பிறகு திடீரென ஆயிரக்கணக்கான கன அடி. பிறகு மறுபடி வறட்சி. பூண்டிக்குக் கீழே தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளும் தண்ணீரை நிறுத்துகின்றன.

பங்குனி, சித்திரையில் எண்ணூரில் என்ன நடக்கும்?

கழிமுகம் என்பது ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம். அந்தக் கலப்பு நீர்தான் மீனுக்குத் தொட்டில்.

• இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்துக்குள் வந்து, உப்பு குறைந்த தண்ணீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும்.

• மடவையும் கொடுவாவும் அப்படித்தான். கடலில் பிறந்து, கழிமுகத்தில் வளரும்.

• இதற்கு வாசல் திறந்திருக்கணும். ஆற்றில் ஓட்டம் இருந்தால், அது மணலைத் தள்ளி முகத்துவாரத்தைத் திறந்து வைக்கும். ஓட்டம் நின்றால், கடல் அலை கொண்டுவரும் மணல் வாசலில் குவியும்.

• வெயிலில் தண்ணீர் ஆவியாக, உள்ளே உப்பும் சூடும் ஏறும். கழிவு வந்தால் கழுவிக்கொண்டுபோக ஓட்டமும் இருக்காது.

இதில் இன்னொரு விஷயம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் நிற்கும். அந்தச் சமயத்தில் கழிமுகத்தில் வீச்சுவலை போடுபவர்களுக்கும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கும் நல்ல விலை கிடைக்க வேண்டிய நேரம். ஆனா ஆறு மிக வற்றிக் கிடப்பதும் அப்போதுதான்.

அணை மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. அனல் மின் நிலையச் சாம்பல், ஆலைக் கழிவு, சதுப்பு நிலத்தை மேடாக்கியது என்று எண்ணூரின் கணக்கு நீளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து, படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுத்துப் போனதை மறக்க முடியுமா? மேலே திறக்கும் தண்ணீர் கீழே வரும்போது என்னவாக வருகிறது என்பதும் முக்கியம்.

இது எண்ணூர் பிரச்சினை மட்டுமா?

உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை கட்டிய பிறகு, ஏரியின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் வெளியேறியது. அணைக்குக் கீழே ட்ரவுட் மீன் செழித்து, தூண்டில்காரர்களுக்கு அது பிடித்த இடமானது. வசந்த காலத்தில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கால் வைக்கிறார்கள். ஆனா வெதுவெதுப்பான, கலங்கலான ஆற்றுக்குப் பழகிய உள்ளூர் மீன்களுக்கு அதே குளிர்ந்த நீர் ஆபத்தானது.

நம்ம நீலகிரியிலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்த ட்ரவுட், அவலாஞ்சி பக்கம் குளிர்ந்த ஓடைகளில் இருக்கிறது. ட்ரவுட்டுக்குக் குளிர் தேவை, எண்ணூர் இறாலுக்கு உப்பும் நன்னீரும் சரியாகக் கலந்த தண்ணீர் தேவை. ஆனா பாடம் ஒன்றுதான்: அணைக்குக் கீழே எந்த மீன் வாழும் என்பதை மதகைத் திறக்கும் கையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. அதனாலதான் பல நாடுகளில், ஆறு உயிரோடு இருக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் விடணும் என்று கணக்கு வைக்கிறார்கள். சுற்றுச்சூழல் நீரோட்டம் என்று அதற்குப் பெயர்.

அப்போ அணை கட்டினது தப்பா?

அப்படிச் சொல்ல முடியாது. தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடும் ராயபுரம், திருவொற்றியூர் மக்களைக் கேட்டால், ஏரியில் இருக்கும் ஒவ்வொரு அடியும் எவ்வளவு முக்கியம் என்று சொல்வார்கள். 1940-ல் தாகத்தில் தவித்த நகரத்துக்கு மேயர் செய்தது சரியான காரியம். கழிமுகத்துக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற கேள்வி அன்று எழவே இல்லை. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்பதுதான் அன்றைய நினைப்பு. இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

இன்று நாம் அதைக் கேட்கலாம். தண்ணீர் நல்லா இருக்கும் வருடத்தில், தை, மாசியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றில் விட முடியுமா? முகத்துவாரத்தைக் கோடை தாண்டித் திறந்து வைக்க முடியுமா? சாம்பலும் எண்ணெயும் கலக்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா? இவை அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

குரு மேலே, சீடர் கீழே

கடைசியா ஒன்று. கொசஸ்தலை ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது சத்தியமூர்த்தி பெயர். ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே இருக்கும் எண்ணூர் துறைமுகம் 2001-ல் செயல்பாட்டுக்கு வந்தது. 2014-ல் அதற்கு வைத்த பெயர் காமராஜர்.

குருவின் பெயரில் அணை, சீடரின் பெயரில் துறைமுகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆறும், அதை நம்பி வலை வீசும் குடும்பங்களும். எதிரி அரசிடம்கூட மக்களுக்காகத் தண்ணீர் கேட்கத் தயங்காதவர் சத்தியமூர்த்தி. அடுத்த முறை பூண்டி மதகு திறப்பு என்று உங்க மொபைலில் செய்தி வந்தால், ஆற்றின் கடைசியில் நிற்பவர்களுக்கு அதில் என்ன பங்கு என்றும் கொஞ்சம் யோசித்துப் பாருங்க.