வர்ஜீனியா அப்கார்: பிறந்த குழந்தையின் முதல் நிமிடத்தைக் கவனிக்கச் செய்தவர்

கல்வராயன் மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறக்கும் குழந்தையாயினும், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையாயினும், பிறந்த முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் அதன் உடல்நிலைக்கு ஒரு மதிப்பெண் குறிக்கப்பட வேண்டும். அப்கார் மதிப்பெண் எனப்படும் இம்முறையை வகுத்தவர் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார். பிறப்பின்போது ஆக்சிஜன் குறைவால் மூளை பாதிக்கப்படுவதைத் தடுக்கும் முயற்சியில் அவருடைய வாழ்வும் பணியும் முக்கிய இடம் பெறுகின்றன.

இளமையும் கல்வியும்

அப்கார் 1909 ஜூன் 7 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு நகரில் பிறந்தார். அவருடைய சகோதரர் ஒருவர் இளம் வயதிலேயே காசநோயால் இறந்தார். மற்றொருவர் நெடுநாள் நோயுற்றிருந்தார். விலங்கியல் பயின்ற அப்கார், 1933-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறுவை சிகிச்சை நிபுணராக விரும்பி அப்பயிற்சியில் சேர்ந்தார். அத்துறையில் பெண்கள் நிலைபெறுவது அக்காலத்தில் கடினம் என்பதால், துறைத்தலைவர் ஆலன் விப்பிள் அவரை மயக்கவியலுக்கு மாறுமாறு அறிவுறுத்தினார். 1938-இல் கொலம்பியாவைச் சார்ந்த மருத்துவமனையின் மயக்கவியல் பிரிவுக்குப் பொறுப்பேற்ற அவர், 1949-இல் அம்மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியரானார்.

ஐந்து அடையாளங்கள்

அக்காலப் பிரசவ அறைகளில் மருத்துவரின் கவனம் பெரும்பாலும் தாயின் மீதே இருந்தது. மூச்சு விடாமலும் நீலம் பாரித்தும் பிறந்த குழந்தைகள் பலர், பிழைக்கமாட்டார்கள் எனக் கருதப்பட்டுச் சிகிச்சையின்றி விடப்பட்டனர். பிறந்த குழந்தையின் நிலையை எவ்வாறு மதிப்பிடுவது என மருத்துவ மாணவர் ஒருவர் கேட்டபோது, அப்கார் உடனே ஐந்து அடையாளங்களை ஒரு தாளில் எழுதிக் காட்டியதாகக் கூறப்படுகிறது. இம்முறையை 1952-இல் மருத்துவ மாநாட்டில் முன்வைத்து, 1953-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

ஒவ்வோர் அடையாளத்திற்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண் வழங்கப்படும், மொத்தம் 10.

• இதயத் துடிப்பு: நிமிடத்திற்கு 100-க்கு மேல் இருந்தால் 2
• மூச்சு: நன்கு அழுதால் 2
• தசையின் உறுதி: கைகால்களை நன்கு அசைத்தால் 2
• தூண்டலுக்கு எதிர்வினை: தும்மல், இருமல் அல்லது அழுகை இருந்தால் 2
• நிறம்: உடல் முழுவதும் இளஞ்சிவப்பாக இருந்தால் 2

இவற்றுள் நிறமே நம்பகம் குறைந்த அடையாளம் என்பதை அப்காரே உணர்ந்திருந்தார். பின்னர் டங்கன் ஹாலடே, எல். ஸ்டான்லி ஜேம்ஸ் ஆகியோருடன் இணைந்து தொப்புள்கொடி இரத்தத்தை ஆய்ந்து, மதிப்பெண் குறைந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தும் அமிலத்தன்மை மிகுந்தும் இருப்பதைக் காட்டினார். இதனால் மூச்சுத்திணறலுடன் பிறக்கும் குழந்தைக்கு உடனடி உதவி தேவை என்பது உறுதிப்பட்டது.

பொதுச் சுகாதாரப் பணி

1959-இல் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற அப்கார், பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் தொண்டு நிறுவனத்தில் இணைந்து, பெற்றோருக்கு விழிப்புணர்வு ஊட்டுவதில் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். ருபெல்லா தடுப்பூசியின் தேவையையும் வலியுறுத்தினார். இசையில் ஈடுபாடு மிக்க அவர், நரம்பிசைக் கருவிகளைத் தம் கையாலேயே செய்தார். 1974 ஆகஸ்ட் 7 அன்று காலமானார்.

இன்றைய உயர்சிகிச்சைகள்

அவர் மறைந்த மறு ஆண்டு, 1975-இல், கலிபோர்னியாவில் ராபர்ட் பார்ட்லெட் எக்மோ கருவியின் உதவியால் ஒரு பச்சிளம் குழந்தையை முதன்முறையாகக் காப்பாற்றினார். குழந்தையின் இரத்தத்தை வெளியே எடுத்து, செயற்கை நுரையீரல் வழியாக ஆக்சிஜன் ஏற்றி மீண்டும் உடலுக்குள் செலுத்துவதே இக்கருவியின் பணி. கருப்பையில் மலம் கலந்த நீரை உள்ளிழுத்ததால் நுரையீரல் செயலிழந்த குழந்தைகளுக்கு, உறுப்புகள் தேறும்வரை இது அவகாசம் தருகிறது. ஆயினும், பாதிப்படைந்த மூளையை இது குணப்படுத்தாது. இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மருந்தால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயமும் உண்டு. குறிப்பிட்ட சில பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இவ்வசதி உள்ளது.

மூளைப் பாதிப்பைக் குறைக்க, பிறந்த 6 மணி நேரத்திற்குள் தொடங்கி 72 மணி நேரம் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையும் உள்ளது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், இச்சிகிச்சை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இறப்பும் கூடுதலாக இருந்தது. எனவே இதன் தேவையைப் பச்சிளங்குழந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வீட்டிலோ வழியிலோ குழந்தையைக் குளிர்விக்கக் கூடாது.

மலைப்பகுதிக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

மூச்சு விடாத குழந்தையைத் துடைத்து, கதகதப்பாக வைத்து, தேவைப்படின் முகமூடியுடன் கூடிய பையின் மூலம் முதல் நிமிடத்திற்குள் காற்றளிக்க வேண்டும். மதிப்பெண் குறிக்கும்வரை காத்திருக்கலாகாது. 2009-இல் தொடங்கப்பட்ட நவஜாத் சிசு சுரக்ஷா திட்டம் இதற்கான பயிற்சியைச் சுகாதாரப் பணியாளர்களுக்கு அளிக்கிறது. வீட்டில் நிகழும் பிரசவத்தில் இவ்வுதவி கிடைப்பதில்லை.

• மலைக்கிராமங்களில் வாழும் கர்ப்பிணிகள், வலி தொடங்கும் வரை காத்திராமல், மருத்துவமனைக்கு அருகில் முன்னரே வந்து தங்குவது குறித்துக் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கலந்து திட்டமிடுக.
• வலி தொடங்கினாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே 108-ஐ அழைக்கவும்.
• முதல் நிமிட மதிப்பெண் குறைந்திருப்பதால் மட்டும் மூளை பாதிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டாம். உதவி பெற்ற குழந்தைகளில் பலர் ஐந்தாம் நிமிடத்திற்குள் தேறிவிடுகின்றனர்.
• குழந்தை பால் குடிக்காமை, வலிப்பு, உடல் தளர்வு, விழிப்பின்மை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க. வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கதகதப்பாக வைத்திருக்கவும்.