எறியப்படாத பந்துகளின் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு வீரரை எடைபோட ரசிகர்கள் தேடும் எண்களில் இரண்டைப் பார்ப்போம். கைக்கு வந்த பந்தை எத்தனை முறை நழுவவிட்டார் என்பது, பந்தைப் பெறும் தாக்குதல் வீரருக்கான அளவுகோல். எதிரணி எறிந்த பந்தை எத்தனை முறை இடைமறித்துப் பிடித்தார் என்பது, அவரைத் தடுக்கும் வீரருக்கானது. இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்பதை அறிய டிக் லேனின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், 1920-களின் பிற்பகுதியில், பச்சிளங்குழந்தையாகக் குப்பையில் கைவிடப்பட்டவர் அவர். அழுகுரல் கேட்டு எடுத்துச் சென்ற கைம்பெண் ஒருவர் தம் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தார். லேன் என்பது அந்தத் தாய் தந்த குடும்பப் பெயர். ராணுவத்தில் பணியாற்றிய பின் லாஸ் ஏஞ்சலீஸில் விமான ஆலையொன்றில் உலோகத் தகடுகளைச் சுமந்தார். அந்த வேலை கசந்துபோகவே, 1952-இல், தம் ஆட்டத்தைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டிய ஏட்டுடன் ராம்ஸ் அணியின் அலுவலகத்துக்குள் நேரே நுழைந்து வாய்ப்புக் கேட்டார்.

அவர் கேட்டது பந்தைப் பிடிக்கும் இடம். ஆனால் முந்தைய ஆண்டின் சாம்பியனான அவ்வணியில் டாம் ஃபியர்ஸ், எல்ராய் ஹிர்ஷ் என இரு பெரும் ஆட்டக்காரர்கள் அவ்விடத்தில் இருந்தனர். ஃபியர்ஸிடம் பாடம் கேட்க லேன் அவர் அறைக்குப் போகும்போதெல்லாம் 'நைட் ட்ரெயின்' என்ற இசைத்தட்டு சுழன்றுகொண்டிருக்குமாம். அதுவே வாழ்நாள் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பயிற்சியாளர் அவரைத் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார். அந்த முதல் பருவத்தில், 12 ஆட்டங்களில், 14 பந்துகளை இடைமறித்தார் லேன்.

அடுத்த ஆண்டு வெறும் 3. பருவம் முடிந்ததும் அணி அவரைச் சிகாகோ கார்டினல்ஸுக்கு அனுப்பிவிட்டது. அங்கே 1954-இல் 10 இடைமறிப்புகளுடன் மீண்டும் லீக்கிலேயே முதலிடம். அப்படியென்றால் 1953-இல் அவர் திறன் குறைந்ததா, அல்லது அவர் நிற்கும் பக்கம் பந்தை எறிய எதிரணியினர் தயங்கினார்களா? அந்த 3 என்ற எண் இதற்கு விடை சொல்லாது. எறியப்படாத பந்துக்குப் புள்ளிவிவர ஏட்டில் கட்டமே கிடையாது.

மறுபக்கமும் உண்டு. லேன் துணிந்து சூதாடுபவர். எதிராளிக்கு வேண்டுமென்றே சற்று இடம் விட்டு, பந்து வந்ததும் பாய்வார். பாய்ச்சல் தப்பினால் புள்ளி எதிரணிக்குப் போய்விடும். இடைமறிப்பை எண்ணியவர்கள் அந்த இழப்பை அதன் அருகில் எழுதி வைக்கவில்லை. எதிராளியின் கழுத்தில் கையைச் சுற்றிச் சாய்ப்பது அவரது தனிமுத்திரை. அதைப் பின்னர் விதிகள் தடைசெய்தன. தடை நியாயமானதே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அடிக்கு அஞ்சி ஒருவர் பந்தை நழுவவிட்டால், பழி முழுவதும் நழுவவிட்டவர் கணக்கில்தான் விழுந்தது.

1960 முதல் டெட்ராய்ட் லயன்ஸுக்கு ஆடி, மொத்தம் 68 இடைமறிப்புகளுடன் 1965-இல் ஓய்வுபெற்றார். பாடகி டைனா வாஷிங்டனை 1963-இல் மணந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார். லீக்கின் முதல் ஐம்பதாண்டுகளில் தலைசிறந்த கார்னர்பேக் என்று லேனைத் தேர்ந்தவர்கள் எண்களை மட்டும் பார்த்திருக்க முடியாது. அவரைவிட அதிகமாக இடைமறித்த எம்லன் டன்னலும் அதே ஐம்பதாண்டுகளில் ஆடியவர்தான். 1974-இல் புகழ்மன்றத்திலும் இடம் கிடைத்தது.

2002 ஜனவரியில், பிறந்த அதே ஆஸ்டினில் அவர் காலமானார். இன்று ஒரு பருவத்துக்கு 17 ஆட்டங்கள். பந்து எறிவதும் அன்றைவிட அதிகம். 1980-இல் லெஸ்டர் ஹேய்ஸ் 13 வரை வந்தார். 14-ஐ இன்னும் எவரும் எட்டவில்லை.