ஔவை இல்லம் தந்த அம்மையார்

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில், தாம் பெற்ற கல்வியை ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்குப் பயனாக்கிய ஒருவரை நினைவுகூர விரும்புகிறோம். அவர் வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886 யூலை 30 இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டும் பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தபோதும் மன்னர் அனுமதி வழங்கினார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் வைத்தியரானார். பின்னர் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராகி, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார்.

அந்த வழக்கத்திலிருந்து தப்பிய சிறுமியர் சிலர் அவரது வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. தாயின் முகம் கண்டு வளர்ந்த பிள்ளையும் சமூகம் கைவிட்டால் அநாதைதான். அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930 இல் ஔவை இல்லம் அவ்வாறே பிறந்தது. உணவும் உடையும் கொடுத்ததோடு கடமை முடிந்ததென அவர் எண்ணவில்லை. பிள்ளைகள் படித்துத் தம் காலில் நிற்கவேண்டும் என்பதே அவரது நோக்கம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து, 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலையையும் உருவாக்கினார். 1968 யூலை 22 இல் மறைந்தார். ஔவை இல்லம் இன்றும் இயங்குகிறது.

இந்த வரலாறு எமக்குத் தொலைவிலுள்ளதன்று. 2009 இல் முல்லைத்தீவு மண்ணில் எத்தனையோ பிள்ளைகள் தாயை, தந்தையை, சிலர் இருவரையுமே இழந்தனர். சிலர் சிறுவர் இல்லங்களுக்குச் சென்றனர். பலரை அம்மம்மாவும் சித்தியும் மாமியும் தம் பாயில் படுக்கவைத்து, தம் பங்குச் சோற்றைப் பகிர்ந்து வளர்த்தனர். தாயின் இடத்தில் கையொப்பமிட வந்த அம்மம்மாமாரை வைத்தியர்களாகிய நாம் கிளினிக்குகளில் கண்டிருக்கிறோம். தம் மருந்தை வாங்க மறந்தாலும் பேரப்பிள்ளையின் தடுப்பூசி நாளை அவர்கள் மறந்ததில்லை. அன்றைய கைக்குழந்தைகள் வளர்ந்துவிட்டனர். தாங்கிய கைகளோ தளர்ந்துவிட்டன.

உறவு சோறு போடும். ஆனால் உயர்கல்விச் செலவையும் அதன் தலையிலேயே சுமத்துவது நியாயமாகாது. அந்தச் சுமையில் ஒரு பங்கைப் பழைய மாணவிகளாகிய நாம் ஏற்போம். ஒவ்வொரு வகுப்புத் தொகுதியும் ஒரு பிள்ளையின் படிப்பை முடியும்வரை பொறுப்பேற்றால், அதுவே இந்த நூற்றாண்டுக்குப் பொருத்தமான கொண்டாட்டம். ஊற்றைப் பெயரிலே கொண்ட எம் ஊரில், கதவைத் தட்டும் எந்தப் பிள்ளையும் தாகத்தோடு திரும்பக்கூடாது.