தலையில் தையலுடன் டிஃபெண்டரை ஃபார்வர்டாக இறக்கிய கோச்: ஃபைனல் என்றாலே பயிற்சியாளர்கள் பதுங்குவது ஏன்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலை ஏறியவர்களுக்குத் தெரியும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். முதல் சில வளைவுகளில் பாட்டுப் போட்டு ஜாலியாக ஓட்டும் டிரைவர்கூட, பனி இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வண்டி அதே வண்டிதான், ஓட்டுபவரும் அதே ஆள்தான். தப்பு நடந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு மட்டும்தான் புதுசு.

கால்பந்து ஃபைனலிலும் இதேதான் நடக்கிறது. லீக் சுற்றில் கோல் மழை பொழிந்த அணி, கோப்பை கையெட்டும் தூரத்தில் வந்ததும் பின்னால் போய் நின்றுகொள்ளும். சேர்வராயன் மலையில் இருக்கும் பள்ளி மைதானம் முதல் உலகக் கோப்பை வரை இது பொதுவான காட்சி. இந்த வழக்கத்தை 1962-ல் ஒரு இந்தியப் பயிற்சியாளர் உடைத்துக் காட்டினார். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அப்போது அவர் உடலில் புற்றுநோய் இருந்தது. பெயர் சையத் அப்துல் ரஹீம்.

யார் இந்த ரஹீம்?

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர். படித்து முடித்ததும் ஆசிரியர் வேலைக்குப் போனார். ஹைதராபாத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். பிறகு உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, விளையாட்டு ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். வீரர்கள் அவரை 'ரஹீம் சாப்' என்றே அழைத்தார்கள்.

1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர் ஆனார். அடுத்து நடந்தது கால்பந்து வரலாறு. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்கே. கொல்கத்தா கிளப்கள் கோலோச்சிய காலத்தில், தெற்கிலிருந்து போன ஒரு போலீஸ் அணி இப்படி ஆடியது சாதாரண விஷயம் இல்லை.

வாத்தியார் மூளை எப்படி வேலை செய்தது?

ரஹீம் சிறுவர்களுக்கு வித்தியாசமான போட்டிகள் நடத்தினார். ஒரு போட்டியில் பழக்கப்படாத காலால் மட்டும்தான் பந்தை உதைக்க வேண்டும். வலது கால்காரர் இடது காலால், இடது கால்காரர் வலது காலால். இன்னொன்றில் டிரிப்ளிங் செய்யவே கூடாது. பந்து வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும்.

பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் இதில் ஒரு கணக்கு இருந்தது. பழகாத விஷயத்தைச் செய்யும் பயம், தோற்றாலும் ஒன்றும் ஆகாத இடத்திலேயே போய்விட வேண்டும். பெரிய மேட்ச்சில் முதல் முறையாக முயற்சி செய்தால்தான் கை கால் நடுங்கும்.

திறமையைத் தேடிப் பிடிப்பதிலும் அவர் கில்லாடி. செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் அப்படிக் கிடைத்தவர்தான். பயிற்சிக்கு வந்துபோக வசதி இல்லாத அந்தப் பையனுக்கு, சைக்கிள் வாடகைக்கு ரஹீமே காசு கொடுத்தார் என்று சொல்வார்கள். பின்னாளில் இந்தியாவின் மிகச் சிறந்த முன்கள வீரர்களில் ஒருவரானார் பலராம்.

இந்திய அணியில் என்ன செய்தார்?

1951 டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஃபைனலில் ஈரானை 1-0 என வென்று இந்தியா தங்கம் வாங்கியது. கோல் அடித்தவர் சாஹு மேவாலால். மறு வருஷமே அடி விழுந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது இந்தியா. நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது.

இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு எந்தப் பயிற்சியாளரும் தற்காப்புக்குத் திரும்புவார். ரஹீம் எதிர்த்திசையில் யோசித்தார். அன்று ஐரோப்பாவை மிரட்டிய ஹங்கேரி அணியின் பாணியை உற்றுக் கவனித்தார். சென்டர் ஃபார்வர்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்து ஆடவைக்கும் உத்தியைக் கொண்டுவந்தார். பிரேசில் 1958 உலகக் கோப்பையில் பிரபலமாக்கிய 4-2-4 அமைப்பை, அதற்கு முன்பே இந்தியாவில் முயற்சித்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு.

பலன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கிடைத்தது. போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தியது இந்தியா. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி என்ற பெருமை இந்தியாவுக்கு வந்தது. கடைசியில் கிடைத்தது 4-வது இடம்.

1962 ஜகார்த்தா: எல்லாமே எதிராக

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஜகார்த்தா போனபோது, முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. அந்தக் கொரியா 1956, 1960 என இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்றிருந்த அணி. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றது இந்தியா. ஆனால் அந்த ஆட்டத்தில் முக்கிய டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. ஜர்னைல் இல்லாமலேயே ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்கு வந்தது அணி.

மைதானத்துக்கு வெளியேயும் சூழல் மோசம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா தரவில்லை. அவர்கள் இல்லாமல் இதை ஆசிய விளையாட்டு என்று எப்படிச் சொல்வது என இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி.சோந்தி கேள்வி எழுப்பினார். ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் எங்கே போனாலும் கூச்சல்தான்.

அந்த முடிவு

அரையிறுதியில் எதிரணி தெற்கு வியட்நாம். ஜர்னைல் ஆட வருவார், ஆனால் தலைக் காயத்துடன். தற்காப்பில் நிற்பவர் உயரப் பந்துகளைத் தலையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே அவரை நிறுத்துவது ஆபத்து. அப்படியானால் உட்கார வைப்பதுதானே முறை?

ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். பின்வரிசையின் நடுவை அருண் கோஷிடம் கொடுத்தார். ஜர்னைல் கல்லூரிக் காலத்தில் முன்களத்தில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். இது வெறும் குருட்டுத் துணிச்சல் இல்லை.

ஆனாலும் ரிஸ்க் ரிஸ்க்தான். ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றும் வசதி இன்றுபோல் அப்போது கிடையாது. ஜர்னைலின் தையல் பிரிந்தால் இந்தியா 10 பேருடன்தான் ஆட்டத்தை முடிக்க வேண்டும். முடிவு: இந்தியா 3-2 என வென்றது. சுனி கோஸ்வாமி 2 கோல், ஜர்னைல் 1 கோல்.

செப்டம்பர் 4. செனயான் ஸ்டேடியத்தில் சுமார் 1 லட்சம் பேர். எதிரில் மறுபடியும் தென் கொரியா. இந்திய தேசிய கீதம் ஒலித்தபோதே கூச்சல் எழுந்தது. ஃபைனலுக்கு ரஹீம் இன்னொரு மாற்றமும் செய்தார். அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சலிலிருந்து மீண்டிருந்த பீட்டர் தங்கராஜை நிறுத்தினார். ஹைதராபாத்தில் பிறந்த தங்கராஜ், ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் வளர்ந்தவர்.

17-வது நிமிடம் பி.கே.பானர்ஜி கோல். 20-வது நிமிடம் ஜர்னைல் கோல். கொரியாவால் 85-வது நிமிடத்தில்தான் ஒரு கோலைத் திருப்ப முடிந்தது. 2-1. இந்தியாவுக்குத் தங்கம்.

மற்றவர்கள் ஏன் இப்படிச் செய்வதில்லை?

முதல் காரணம், இழப்பு பயம். கையில் இருப்பதை இழக்கும் வலி, அதே அளவு கிடைக்கும்போது வரும் சந்தோஷத்தைவிடப் பெரியது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் இதைக் கோட்பாடாக எழுதினார்கள். ஃபைனல் வரை வந்துவிட்ட அணிக்குக் கோப்பை பாதி கையில் இருப்பதுபோல் ஒரு உணர்வு. அதனால் ஜெயிப்பதைவிடத் தோற்காமல் இருப்பதே முக்கியமாகிவிடுகிறது.

இரண்டாவது காரணம், பழி. எல்லோரும் செய்வதைச் செய்து தோற்றால், அதிர்ஷ்டம் இல்லை என்பார்கள். புதிதாக ஒன்றைச் செய்து தோற்றால், கோச்சுக்குப் புத்தி இல்லை என்பார்கள். இதற்கு ஒரு நல்ல உதாரணம் பெனால்டி கிக். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 286 பெனால்டிகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோல்கீப்பர் நடுவில் அசையாமல் நின்றால் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆனால் அப்படி நின்றது வெறும் 6.3% முறைதான். சும்மா நின்று கோல் வாங்கினால் திட்டு விழுமே! பாய்ந்து விழுந்து கோல் வாங்கினால் முயற்சி செய்தார் என்ற பெயராவது மிஞ்சும்.

மூன்றாவது காரணம், கால்பந்தின் கணக்கு. கோல் குறைவாக விழும் ஆட்டம் இது. முதல் கோலை வாங்கிவிட்டால் திரும்பி வருவது கஷ்டம். அதனால் இரண்டு பக்கமும் முதல் தப்பைச் செய்யாமல் இருக்கவே பார்க்கிறார்கள். 1990 உலகக் கோப்பை ஃபைனல் ஒரே ஒரு பெனால்டி கோலில் முடிந்தது. 1994-ல் பிரேசில், இத்தாலி இரண்டும் 120 நிமிடம் ஆடியும் கோலே இல்லை. 2010, 2014 ஃபைனல்களில் கூடுதல் நேரத்தில்தான் ஒரு கோல் விழுந்தது.

அப்படியானால் பதுங்குவது தப்பா?

எப்போதும் இல்லை. நீங்கள் பலமான அணி என்றால், ஆட்டத்தில் குழப்பம் குறைவாக இருப்பது உங்களுக்கு லாபம். வழக்கப்படி நடந்தாலே ஜெயித்துவிடலாம். ஆனால் பலம் குறைந்த அணிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். வழக்கப்படி நடந்தால் வழக்கப்படியே தோற்க வேண்டியதுதான். அவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் தேவை.

ஜகார்த்தாவில் இந்தியாவின் நிலை இதுதான். இதே கொரியாவிடம் ஏற்கெனவே 0-2 எனத் தோற்றாயிற்று. பழையபடியே இறங்கினால் பழைய முடிவுதான் வரும் என்று நம்பக் காரணம் இருந்தது. பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைத்த வழி, உண்மையில் பாதுகாப்பானதாக இல்லை. ஜர்னைல் ஃபார்வர்டாக வருவார் என்று கொரியா தயாராகி இருக்கவும் வாய்ப்பு குறைவு. முதல் ஆட்டத்தில் அவர்கள் பார்த்தது டிஃபெண்டர் ஜர்னைலைத்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழி பயம் என்பது நாளை வேலை போய்விடுமோ என்ற பயம். நுரையீரல் புற்றுநோயுடன் போராடிக்கொண்டிருந்த ரஹீமுக்கு அந்த நாளை என்பதே நிச்சயம் இல்லை. ஃபைனலுக்கு முந்தைய இரவு அவர் வீரர்களிடம் தங்கத்தைத் தனக்குப் பரிசாகக் கேட்டார் என்று அணியில் இருந்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் நோய் மட்டுமே துணிச்சலைத் தந்தது என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். உடம்பு நன்றாக இருந்த 1950-களிலேயே அவர் இப்படித்தான் யோசித்தார்.

அதன் பிறகு?

ஜகார்த்தா முடிந்து 9 மாதங்களில், 1963 ஜூன் 11-ல் ரஹீம் காலமானார். வயது 53. 1964 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு 2-வது இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். கால்பந்தில் ஆசிய விளையாட்டுத் தங்கம் மட்டும் அதன் பிறகு வரவே இல்லை. பல வருஷம் மறந்துபோயிருந்த அவர் பெயரை, 2024-ல் வெளியான 'மைதான்' இந்திப் படம் மீண்டும் பேச வைத்தது.

ஏற்காடோ, சேலமோ, நாளைக்கு ஒரு பள்ளி ஃபைனலுக்கு டீம் லிஸ்ட் எழுதப்போகும் பி.இ.டி. மாஸ்டர் ரஹீமிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. டிஃபெண்டரை எல்லாம் ஃபார்வர்டாக இறக்கு என்பது அல்ல அது. இன்றைக்குப் பதுங்கி ஆடச் சொல்வது அணிக்கு நல்லது என்பதாலா, இல்லை தோற்றால் தன்னை யாரும் திட்டக் கூடாது என்பதாலா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்வது. முதல் பதில் வந்தால் தாராளமாகப் பதுங்கலாம். இரண்டாவது பதில் வந்தால், லிஸ்ட்டை இன்னொரு முறை பார்ப்பது நல்லது.