சாம்பலுக்கு ஒளி கொடுத்த விஞ்ஞானி

மின்சாரம் வராத காலத்தில், காஞ்சீபுரம் பக்கத்துப் புள்ளலூர் போன்ற கிராமங்களில் கல்யாணம் என்றாலும் தெருக்கூத்து என்றாலும் முதலில் தேடியது பெட்ரோமாக்ஸ் விளக்கைத்தான். காற்றடித்து ஏற்றிவிட்டால், தெருவே பகல் போல ஆகிவிடும்.

அந்த விளக்கின் கண்ணாடிக்குள் சின்ன வலைப்பை ஒன்று தொங்கும். அதற்கு மாண்டில் என்று பெயர். விளக்கு எரியும்போது அந்தப் பையில் நூல் இருக்காது. நூல் எரிந்துபோய், வெறும் சாம்பல்தான் தொங்கிக்கொண்டிருக்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். அத்தனை வெளிச்சமும் அந்தச் சாம்பலில் இருந்துதான் வருகிறது!

அதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியா நாட்டு விஞ்ஞானி கார்ல் ஔவர் வான் வெல்ஸ்பாக்.

அச்சகத்தார் மகன்

வெல்ஸ்பாக் 1858-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி வியன்னா நகரில் பிறந்தார். தந்தை, ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அச்சுத்தொழில் பழகி, அரசாங்க அச்சகத்தின் தலைவராக உயர்ந்தவர். 1869-ல் அவர் காலமாகிவிட்டார்.

மகன் ரசாயனம் படித்தார். 1880-ல் ஜெர்மனிக்குப் போய், ஹைடல்பர்க் நகரில் புகழ்பெற்ற பேராசிரியர் புன்சனிடம் மாணவராகச் சேர்ந்தார். 1882-ல் டாக்டர் பட்டம் பெற்று வியன்னா திரும்பினார்.

இரட்டைப் பிள்ளைகள்

அப்போது விஞ்ஞானிகளைத் திணற அடித்தவை, அரிய மண்கள் எனப்படும் பொருள்கள். லாந்தனம், சீரியம் போன்ற உலோகங்கள் அவற்றில் அடங்கும். ஒரே கல்லில் பல உலோகங்கள் கலந்து கிடக்கும். குணமும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றை மற்றதிலிருந்து பிரிப்பது மிகவும் கடினம்.

வெல்ஸ்பாக் பொறுமையைக் கைக்கொண்டார். உப்பளத்தில் நீர் வற்ற வற்ற உப்பு படிகிறது அல்லவா? அதுபோல, கரைசலில் இருந்து கொஞ்சம் உப்பைப் படிய விட்டார். படிந்ததை மறுபடியும் கரைத்தார். மறுபடியும் படிய விட்டார். சலிக்காமல் திரும்பத் திரும்ப இதையே செய்தார்.

டிடைமியம் என்பதை ஒரே உலோகம் என்று உலகம் நம்பியிருந்தது. 1885-ல் அவர் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்றின் உப்பு பச்சை நிறம், அது பிரசியோடைமியம். மற்றதன் உப்பு இளஞ்சிவப்பு, அது நியோடைமியம்.

காடியும் மண்ணும்

அரிய மண் தண்ணீரில் கரையாது. ஆனால் அமிலத்தில் கரையும். நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் கிடைக்கும் உப்புக்கு நைட்ரேட் என்று பெயர். காடிக்குப் புளிப்பைத் தருவது அசெட்டிக் அமிலம். அதில் கரைத்தால் கிடைப்பது அசெட்டேட்.

லாந்தனம் அசெட்டேட்டில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் கரைசலில் ஐயோடினைச் சேர்த்து, அம்மோனியாவைத் துளித்துளியாக விட்டால் நீல நிறம் தோன்றும். சோற்றுக் கஞ்சியில் ஐயோடின் பட்டால் நீலமாகிறதே, அதே போல! லாந்தனத்தை அடையாளம் காண உதவும் பழைய சோதனை இது.

இந்த உப்புகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. நன்றாகச் சுட்டால் அமிலத்தின் பங்கு ஆவியாகப் போய்விடும். மண் மட்டும் மிஞ்சும். மாண்டிலின் ரகசியமே இதுதான்.

உப்புகளைத் தீயில் காட்டி, அவற்றின் ஒளியை ஆராய்ந்து வந்தார் வெல்ஸ்பாக். கம்பி முனையில் ஒட்டிய உப்பு போதவில்லை. பஞ்சு நூலை உப்புக் கரைசலில் நனைத்துத் தீயில் காட்டினார். நூல் எரிந்தது. நூலின் வடிவத்திலேயே மண் நின்றது. அது பளீரென்று ஒளி வீசியது!

விழுந்தார், எழுந்தார்

1885-லேயே காப்புரிமை வாங்கினார். வியன்னாவுக்கு அருகே தொழிற்சாலை ஏற்பட்டது. ஆனால் முதல் மாண்டில்கள் லாந்தனமும் மக்னீசியமும் கலந்தவை. லாந்தன மண் காற்றின் ஈரத்தை இழுத்து, சுட்ட சுண்ணாம்புக்கல் நீறுவது போல நீறிவிடும். வெளிச்சமும் பச்சை பாய்ந்திருந்தது. மக்கள் வாங்கவில்லை. 1889-ல் தொழிற்சாலை மூடப்பட்டது.

வேறொருவராக இருந்தால் ஒதுங்கியிருப்பார். வெல்ஸ்பாக் அந்தத் தொழிற்சாலையைத் தாமே விலைக்கு வாங்கினார்!

அடுத்து தோரியத்தைச் சோதித்தார். ஒரு விந்தை தெரிந்தது. தோரியத்தைச் சுத்தம் செய்யச் செய்ய வெளிச்சம் குறைந்தது. அப்படியானால் அழுக்கில்தான் ஏதோ இருக்க வேண்டும்! அந்த அழுக்கு, சீரியம். தோரியம் 99 பங்கு, சீரியம் 1 பங்கு என்று அளவு கண்டார். 1891-ல் புதிய விளக்கு வியன்னாவில் எரிந்தது. பிறகு மாண்டில்கள் கோடிக்கணக்கில் விற்றன.

குமரிக் கடற்கரை மணல்

இத்தனை மாண்டில்களுக்கும் தோரியம் வேண்டுமே! மோனசைட் என்ற மணலில் அது இருக்கிறது. பிரேசில் நாட்டிலிருந்து அந்த மணல் ஐரோப்பாவுக்குப் போயிற்று.

1909-ல் சோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர், திருவிதாங்கூர்க் கடற்கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டார். தேங்காய் நாரில் ஒட்டிச் சென்ற மணல்தான் அவருக்கு வழி காட்டியது என்பார்கள். இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில் மணல் எடுக்கும் வேலை தொடங்கியது. 1950-ல் இந்திய அரிய மண் நிறுவனம் அமைந்தது. மணவாளக்குறிச்சியில் அந்த நிறுவனத்தின் ஆலை இருக்கிறது.

குப்பையில் நெருப்பு

தோரியத்தை எடுத்த பிறகு, சீரியமும் லாந்தனமும் குப்பையாகக் குவிந்தன. வெல்ஸ்பாக் அதையும் விடவில்லை. அந்த உலோகங்களோடு இரும்பைச் சேர்த்தார். உரசினால் பொறி பறந்தது! 1903-ல் காப்புரிமை பெற்றார். சிகரெட் லைட்டரில் உள்ள கல் இதுதான்.

இதற்கிடையே, தம் விளக்குக்குத் தாமே போட்டியாளரும் ஆனார். ஆஸ்மியம் உலோக இழை கொண்ட மின்விளக்கைச் செய்து, 1902-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த டங்ஸ்டன் இழை பல்புக்கு அது முன்னோடி.

1901-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பிரபு பட்டம் அளித்தார்.

ஒரு தோல்வியும் உண்டு. இட்டர்பியம் என்பதையும் இரண்டாகப் பிரித்து, வானத்து நட்சத்திரங்களை வைத்துப் பெயர் சூட்டினார். பிரான்சு நாட்டு விஞ்ஞானி உர்பேனும் அதையே செய்திருந்தார். யார் முதல் என்று வழக்கு எழுந்தது. 1909-ல் சர்வதேசக் குழு, உர்பேன் பக்கம் தீர்ப்பளித்தது. வெல்ஸ்பாக் வைத்த பெயர்கள் நிலைக்கவில்லை.

இன்றும் வாழ்கிறது

1929-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி வெல்ஸ்பாக் காலமானார். அப்போது அவருக்கு வயது 70.

தோரியத்துக்கு இலேசான கதிரியக்கம் உண்டு. ஆகவே பல கம்பெனிகள் இட்ரியம் கலந்த மாண்டிலுக்கு மாறிவிட்டன. பெட்ரோமாக்ஸ் விளக்கும் மூலைக்குப் போய்விட்டது. ஆனால் அவர் பிரித்தெடுத்த நியோடைமியம் போகவில்லை. உலகத்தின் மிக வலுவான காந்தங்கள் அதைக் கொண்டுதான் செய்யப்படுகின்றன. கைப்பேசியில் குரல் கேட்பதும், மின்சாரக் கார் ஓடுவதும் அந்தக் காந்தங்களால்தான்.