தனக்கே மார்க் போட்ட ஓவியர்

உங்க நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைப் பாருங்க. அதைவிடக் கொஞ்சம்தான் பெரியது அந்த ஓவியம். அகலம் 33 செ.மீ., உயரம் 24 செ.மீ. ஒரு கடிகாரம் மரக்கிளையில் துணி மாதிரித் தொங்கும். இன்னொன்று மேசை ஓரத்தில் வழியும். (எங்க வீட்டுல அதுக்கு 'தோசைக் கடிகாரம்' என்று பெயர்.) இதை 1931இல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர் சால்வடோர் டாலி. கனவில் வருவது போன்ற இந்த மாதிரி ஓவியங்களை சர்ரியலிச ஓவியம் என்பார்கள்.

டாலி 1904இல் ஸ்பெயின் நாட்டில் ஃபிகெரஸ் என்ற ஊரில் பிறந்தார். அதற்கு ஒன்பது மாதம் முன்புதான் அவருடைய அண்ணன் சின்னக் குழந்தையாக இறந்துபோனான். அவன் பெயரும் சால்வடோர்! யோசிச்சுப் பாருங்க, ஒரு கல்லறையில் உங்க பெயர் இருந்தா எப்படி இருக்கும்? தான் அந்த அண்ணன் இல்லை, வேறு ஆள் என்று காட்டத்தான் விசித்திரமாக நடந்துகொண்டதாக டாலி பிறகு சொன்னார்.

16 வயதில் அம்மாவும் இறந்துவிட்டார். அடுத்த வருடம் டாலி மாட்ரிட் நகரத்து ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். 1926இல், தன்னைச் சோதிக்க அந்த ஆசிரியர்களுக்குத் தகுதி இல்லை என்று பரீட்சையில் சொல்லிவிட்டார். கல்லூரி அவரை வெளியே அனுப்பிவிட்டது.

இவ்வளவு கர்வம் உள்ளவர் யாரிடமாவது கத்துக்குவாரா? கத்துக்கிட்டார், பழைய ஓவியர்களிடம். முக்கியமாக, 1600களில் ஹாலந்தில் வாழ்ந்த வெர்மீரிடம். 1948இல் வந்த தன் புத்தகத்தில் டாலி ஓவியர்களுக்கு 20க்கு மார்க் போட்டார். வெர்மீருக்கு ஒன்றில் மட்டும் 19, மற்ற எல்லாவற்றிலும் 20. தனக்கு? மேதைமைக்கு 19. ஆனா வரையும் நுட்பத்துக்கு 12, வண்ணத்துக்கு வெறும் 10!

உலகப் புகழ் வந்த பிறகும், ஏறக்குறைய 50 வயதில், டாலி பாரிஸில் இருக்கும் லூவர் மியூசியத்துக்கு வரையப் போனார். வெர்மீரின் 'லேஸ் பின்னும் பெண்' ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்தார். அப்படியே பார்த்து வரைவார் என்று நினைத்தார்கள். கான்வாஸில் வந்ததோ காண்டாமிருகக் கொம்புகள்! அந்த ஓவியத்துக்குள்ளே அவருக்குக் கொம்பின் வளைவுதான் தெரிந்ததாம். விடுவாரா? மிருகக்காட்சி சாலைக்கே போய், உண்மையான காண்டாமிருகத்தின் முன்னாலும் உட்கார்ந்து வரைந்தார்.

ஆனால் ஒழுங்கான நகல் ஒன்றையும் 1955இல் வரைந்து முடித்தார். அது சுலபமான வேலை இல்லை. அந்த ஓவியம் உங்க நோட்டுப் பக்கத்தைவிடச் சின்னது. அதில் சிவப்பு நூல் தண்ணீர் மாதிரி வழியும். தோசைக் கடிகாரத்தையும் அந்த நூலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க, இரண்டும் சொந்தக்காரங்க மாதிரி இருக்கும்.

நீங்களும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வரையலாம். முதலில் படத்திலும் தாளிலும் சதுரக் கட்டம் போடுங்க. பிறகு ஒவ்வொரு கட்டமாக வரையுங்க. கடிகாரம் மடியும் இடம்தான் கஷ்டம். அங்கே வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாக மாறும். எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும், அதனால் டாலிக்கு நிறங்களைக் கலக்க நேரம் கிடைத்தது. வாட்டர் கலர் சீக்கிரம் காய்ந்துவிடும், நீங்க கொஞ்சம் வேகமா வரையணும்.

டாலி 1989இல் இறந்தார். ஃபிகெரஸில் அவரே உருவாக்கிய மியூசியத்தில் அவரைப் புதைத்தார்கள். தோசைக் கடிகாரமும், அவர் வரைந்த வெர்மீர் நகலும் இப்போ நியூயார்க்கில், இரண்டு வேறு மியூசியங்களில் இருக்கின்றன.